வலியை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்: புதிதாக கிளினிக்கில் உட்காரும் கால்நடை மருத்துவருக்கு

குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பையும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பையும் முடித்துவிட்டு வெளியே வருகிற தம்பி தங்கைகள், புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் உட்காரும் முன்போ கடலூர்ப் பக்கம் ஒரு மருந்தகத்தில் சேரும் முன்போ கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மருந்து, டோஸ், ஃபீஸ் பற்றித்தான் இருக்கின்றன. அதெல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பவை வேறு. ஓடி விளையாடுகிற நாயைக் கொண்டுவந்து "ஃப்ளாட்டுக்கு மாறுறோம் டாக்டர், ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்பார் ஒருவர். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை அன்று சாயங்காலமே சொசைட்டிக்கு ஊற்றலாமா என்று கேட்பார் இன்னொருவர், அவருக்கு இருப்பதே அந்த ஒரு மாடுதான். எழுந்து நிற்க முடியாத மாட்டை வண்டியில் ஏற்ற ஒரு கையெழுத்து வேண்டும் என்று வந்து நிற்பார் வேறொருவர். அந்த நேரத்தில் வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள், நின்று யோசிக்க முடியாது. அதனால் யோசிக்க வேண்டியதை முன்னாடியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் வலிப்பதும் சம்மதம் சொல்வதும் பெரும்பாலும் ஒரே ஆள். நம் மேஜையில் வலி மாட்டுக்கு, பணம் மாட்டுக்காரருக்கு, பாலைக் குடிக்கப்போவது ஊர். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இடிக்கும்போது எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வலியை. பணப் பேச்சும் சட்டமும் பத்து நிமிடம் பொறுக்கும். நம் தொழிலில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை கொடுமைக்காரர்களால் நடப்பவை இல்லை, அவசரத்தால் நடப்பவை என்பது என் எண்ணம்.

முதல் வேலை: வலி தெரிகிறதா என்று பாருங்கள்

வலிக்கிறது என்று மாடு கத்தாது. இரையாக வாழ்ந்த இனம், வலியை வெளியே காட்டினால் ஆபத்து என்று உடம்பிலேயே பதிந்திருக்கிறது. அதனால் "சும்மாதான் நிக்குது சார்" என்று சொல்லும் மாட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அசை போடுகிறதா, பல்லை நறநறவென்று கடிக்கிறதா, முதுகை வளைத்து நிற்கிறதா, காது பின்னால் தொங்குகிறதா, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறதா என்று பாருங்கள். பூனை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குறுகி உட்காரும், தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். நாய் இடம் மாறி மாறிப் படுக்கும், ஓடாமலேயே மூச்சு வாங்கும்.

அடுத்து, மயக்கம் வேறு, வலி தெரியாமல் இருப்பது வேறு. அசிப்ரோமசின் போட்ட நாய் அசையாமல் கிடக்கும், ஆனால் அந்த மருந்துக்கு வலியைக் குறைக்கும் குணம் கிடையாது. சைலசின் மாட்டைச் சாய்த்துவிடும், அதை மட்டும் நம்பித் தோலைக் கீறக் கூடாது. அந்த இடத்தை மரக்க வைக்கும் லிக்னோகெயின் விலை குறைந்த மருந்து, எந்தக் கிராமத்து மருந்தகத்திலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டு வேலை செய்யும்வரை காத்திருப்பதுதான் நம்மிடம் இல்லாத பழக்கம். கன்றுக்குக் கொம்பு சுடும்போது கண்ணின் வெளிமூலைக்கும் கொம்படிக்கும் நடுவில் ஊசி போட்ட கையோடு சூட்டுக்கோலை எடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு கொம்படியைச் சுற்றி ஊசி முனையால் குத்திப் பாருங்கள், கன்று தலையை உதறவில்லை என்றால்தான் தொடங்க வேண்டும். அந்த மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும், அதற்குப் பிறகான வலிக்கு மெலாக்சிகம் சேர்த்துப் போடுங்கள், அது மாட்டின் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். கிட்டி வைத்துக் காயடிப்பதற்கும் இதே கணக்குதான். ரத்தம் வரவில்லை என்பதால் வலியில்லை என்று ஆகிவிடாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் கொம்பு நீக்குவதையும் காயடிப்பதையும் முறைப்படி செய்ய விட்டுவைத்திருக்கிறது, அதன் கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதிகள் மரப்பு ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும் என்கின்றன. ஆனால் போட்டீர்களா என்று தொழுவத்துக்கு வந்து யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலி மருந்து என்று மாட்டுக்காரரே ஒரு பாட்டிலை நீட்டினால் லேபிளைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த மருந்து உடம்பில் இருக்கும் மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. 2015இல் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் குப்பியையும் 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள், ஏனென்றால் பெரிய குப்பிகள் மாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. 2023இல் அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோப்ரோஃபெனும், அதன் பிறகு நிமெசுலைடும் கால்நடைகளுக்குத் தடை ஆகிவிட்டன. நம் பக்கத்தில் அந்தக் கழுகைப் பார்க்க முடியாது, தமிழ்நாட்டில் மோயார்ப் பள்ளத்தாக்கில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. நம்ம ஊரில் கழுகே இல்லையே என்று பழைய ஸ்டாக்கைப் போட்டுத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

பூனையோடு வருகிறவரிடம் முதல் கேள்வியாக, வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேளுங்கள். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் பூனைக்கு விஷம், பாதி மாத்திரையே உயிரை எடுக்கும். திட்டுகிற தொனியில் கேட்டால் "ஒண்ணும் குடுக்கல" என்றுதான் பதில் வரும், மருந்து கொடுத்தது வெளியே வருவதற்குள் ஈறு நீலமாகியிருக்கும்.

வாய்க்குள் கை விடும் முன்

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல டாக்டர், வாயை மூட மாட்டேங்குது, எச்சிலா ஒழுகுது." இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் உங்கள் கை பின்னால் போக வேண்டும். நாய்க்கடியால் பரவும் வெறிநோயின் (ரேபிஸ்) ஊமை வடிவம் இப்படித்தான் வரும். மாட்டிலும் அப்படியே. தீவனம் அடைத்துக்கொண்டது என்று வாய்க்குள் கை விடச் சொல்வார்கள், மாடு விடாமல் கத்தும், முக்கும், யாரும் நாய்க்கடியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கடித்தது இரண்டு மாதத்துக்கு முன்னாடி இருக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கேள்வி கேளுங்கள், அதற்கப்புறம் தொடுங்கள்.

வேலைக்குச் சேரும் முன்பே உங்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும்: 0, 7, அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். அதைப் போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, 0ஆம் நாளும் 3ஆம் நாளும் இரண்டு ஊசி போட்டே ஆக வேண்டும். உங்களுக்கு உதவி செய்கிற அண்ணனுக்கும் கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்கும் அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் மட்டும் போட்டுக்கொண்டு நாயைப் பிடிக்கிறவருக்குப் போடாமல் விட்டிருக்கும் கிளினிக்குகள் உண்டு, அது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

வெறிநோய் என்று சந்தேகம் வந்தால் அந்த வீட்டில் யாரையெல்லாம் கடித்தது, நக்கியது, யார் பச்சைப் பால் குடித்தார்கள் என்று எழுதி வாங்கி, அத்தனை பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜிப்மருக்கோ அன்றைக்கே அனுப்புங்கள். வாடிக்கையாளர் ரகசியம் என்று ஒன்று நமக்கும் உண்டுதான், ஆனால் இதில் அது செல்லாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்திருந்தால் அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும். "அக்கம்பக்கத்துல சொல்லாதீங்க டாக்டர்" என்று கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது

இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தில் இரண்டு தப்பு நடக்கிறது: ஒன்று, கையில் காசு இல்லாதவரிடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை என்று முழுப் பட்டியலையும் வைத்து, அவர் தலை குனிந்து நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது. மற்றொன்று, ஆளின் சட்டையைப் பார்த்துவிட்டு "இவரால முடியாது" என்று நாமே முடிவு செய்து, நல்ல வைத்தியம் ஒன்று இருப்பதையே சொல்லாமல் விடுவது. இரண்டாவதுதான் மோசம் என்பேன். மீன் விற்கும் அம்மா நகையை அடகு வைத்து ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பார், காரில் வருகிறவர் ஊசி விலையைக் கேட்டுத் திரும்பிப் போவார், உங்களால் ஊகிக்க முடியாது.

நான் சொல்லும் முறை இது. முதலில் வலிக்கு ஒரு ஊசி, அதற்குக் காசைப் பற்றிப் பேச வேண்டாம். அப்புறம் உட்கார வைத்து வழிகளைச் சொல்லுங்கள். எல்லாம் செய்தால் என்ன, எவ்வளவு ஆகும், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு. நடுவில் ஒரு வழி: பரிசோதனையைக் குறைத்து, அதிகம் சந்தேகப்படும் நோய்க்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது. கடைசியாக, குணமாக்க முடியாவிட்டாலும் துன்பம் இல்லாமல் வைத்துக்கொள்வது. மூன்றையும் ஒரே குரலில் சொல்லுங்கள், மூன்றாவதைச் சொல்லும்போது முகத்தில் ஏளனம் தெரியக் கூடாது. பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் குரும்பாபேட் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, அதைத் தாண்டினால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டுப் பக்கம் மாடு இருக்கும் இடத்துக்கே வண்டி வர 1962 எண் இருக்கிறது, கிராமத்தில் நிறைய பேருக்கு இன்னும் அது தெரியாது, உங்கள் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

மயக்கம் கொடுத்துச் செய்யும் எதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், தமிழில், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி. யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதையும் பாருங்கள். பள்ளிக்கூடப் பையன் நாயைத் தூக்கி வருவான், முடிவு எடுப்பவர் வேலைக்குப் போயிருக்கும் அப்பா. மாட்டை ஓட்டி வருவது அம்மா, தினமும் பால் கறந்து தீவனம் போட்டு அதன் மூச்சு மாறினாலே கண்டுபிடிப்பதும் அவர்தான், ஆனால் டாக்டர் பேசுவதெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஆம்பளையிடம். அந்த அம்மாவிடம் பேசுங்கள்.

கருணைக்கொலை

இதற்கு நேரம் ஒதுக்கித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் மருந்தின் பெயரைச் சொல்லித் தருகிறார்கள், அந்த அறையில் எப்படி நிற்பது என்று சொல்லித் தருவதில்லை.

ஆரோக்கியமான நாய், வீடு மாறுகிறார்கள், அல்லது குழந்தை பிறந்திருக்கிறது, அல்லது வெளிநாடு போகிறார்கள். முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, சொல்லுங்கள். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த நாய் அன்று ராத்திரியே ஈசிஆர் ஓரத்தில் இறக்கிவிடப்பட்டிருக்கும். அதனால் கூடவே ஒரு வழி சொல்ல வேண்டும். ஒரு மாதம் டைம் கொடுங்கள், கிளினிக்கில் போட்டோ ஒட்டுகிறேன், தடுப்பூசிப் புத்தகத்தோடு கொடுத்தால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும், கடிக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால் ஏன் கடிக்கிறது என்று பார்க்கலாம் என்று பேசுங்கள். வலியால் கடிக்கும் நாய்களும் உண்டு, காதுக்குள் சீழ் வைத்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேவைப்படும் இடத்தில் தயங்கவும் கூடாது. சாப்பிடுகிறதா, தானாக எழுகிறதா, தன் மூத்திரத்திலேயே கிடக்காமல் நகர்கிறதா, வீட்டு ஆளைப் பார்த்தால் ஒரு அசைவாவது இருக்கிறதா. இதை வீட்டுக் காலண்டரில் தினமும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறிக்கச் சொல்லுங்கள். கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போவதை அவர்களே கண்ணால் பார்க்கும்போது முடிவு எடுப்பது கொஞ்சம் சுலபமாகிறது, டாக்டர் சொல்லித்தான் கொன்றோம் என்ற உறுத்தலும் இருக்காது.

செய்யும் முறை: முதலில் ஆழ்ந்த மயக்கம். நரம்பில் கேனுலா என்ற ஊசிக்குழாய் போட்ட பிறகு, உயிரை நிறுத்தும் அளவுக்கு பார்பிட்யூரேட் வகை மயக்க மருந்து. மெக்னீசியம் சல்பேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ நினைவோடு இருக்கும் விலங்குக்கு ஒருபோதும் ஏற்றாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும், உள்ளே அது சித்திரவதை. ஸ்ட்ரிக்னைன் என்ற விஷ ஊசியால் கொல்வதை 1960 சட்டமே பெயர் சொல்லிக் குற்றம் என்கிறது. தெரு நாய்களுக்கான 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் இரண்டு விஷயம் இருக்கிறது, அதை எல்லா விலங்குக்கும் பின்பற்றுங்கள்: இன்னொரு நாய் பார்க்கும்படி செய்யக் கூடாது, உயிர் போய்விட்டதை உறுதி செய்துகொள்ளாமல் உடலை அகற்றக் கூடாது. ஸ்டெத்தை வைத்து ஐந்து நிமிடம் கேளுங்கள், கருவிழியைத் தொட்டுப் பாருங்கள்.

வீட்டு ஆட்கள் கூட இருக்க ஆசைப்பட்டால் இருக்க விடுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்: கண் மூடாது, கடைசியில் ஒரு பெரிய மூச்சு வரலாம், சிறுநீர் போகலாம், அது வலியால் இல்லை என்று. முன்னாடியே சொல்லாவிட்டால் அந்தக் கடைசி மூச்சு அவர்கள் மனதில் வருடக்கணக்கில் நிற்கும். உடலை ஆழமாகப் புதைக்க வேண்டும், அந்த மருந்து உள்ளே இருக்கும் உடலைத் தின்னும் பருந்தும் நாயும் சாகும். பில்லை முன்னாடியே வாங்கிவிடுங்கள், அழுதுகொண்டே கவுண்டரில் நிற்க வைக்காதீர்கள்.

மாடு என்றால் பேச்சே வேறு. விழுந்து எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்கு இதைச் சொன்னால் "அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம் சார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போடாதீர்கள். ஆனால் சும்மா விட்டுவிட்டும் வராதீர்கள். மணல் கொட்டி அதன் மேல் கனமாக வைக்கோல் பரப்பி, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, தண்ணீரும் தீவனமும் வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்து, தினமும் வலி மருந்து போட்டு, இத்தனாவது நாள் மறுபடி பார்ப்போம் என்று ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு வரும் அடுத்த யோசனை வியாபாரியிடம் தள்ளிவிடுவது. அப்போதுதான் அந்தக் கையெழுத்து கேட்கப்படும். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி மாட்டை ஏற்ற, அது பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். நிற்க முடியாத மாட்டுக்கு அந்தச் சான்றைக் கொடுத்தால், காலில் கயிறு கட்டி இழுத்து ஏற்றப்படும் அந்த மாட்டுக்கு நீங்களும் பொறுப்பு. யார் போன் செய்தாலும் சரி, எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் சரி. காப்பீட்டுச் சான்றும் இதே மாதிரிதான்: காது வில்லை எண்ணை நீங்களே கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள்.

பாலில் போகிற மருந்து

மடி வீங்கியிருக்கிறது, பாலில் திரி திரியாக வருகிறது, ஊசி போட்டாகிவிட்டது. பாலை எப்போதிலிருந்து ஊற்றலாம்? மருந்தின் லேபிளில் விலக்கு நாட்கள், அதாவது பாலை ஊற்றக் கூடாத நாட்கள், போட்டிருக்கும். போடவில்லை என்றால் நம் மருந்து விதிகள் 2012இலிருந்து சொல்வது, பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஒரே மாடு வைத்து பாண்லேவுக்கோ ஆவினுக்கோ ஊற்றுகிறவருக்கு 7 நாள் பால் என்பது அந்த மாதத் தவணை. அதனால் ஊசியை ஏற்றிவிட்டு இதைச் சொல்லாதீர்கள், ஏற்றும் முன்பே சொல்லுங்கள். விலக்கு நாள் குறைவான மருந்து இருந்து, அதே வேலையைச் செய்யும் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். லேசான மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள், அடிக்கடி அடிக்கடி கறந்து விடுவதும் வீக்க மருந்தும் போதுமா என்று பாருங்கள். சினையின் கடைசியில் பால் வற்றவைக்கும் நேரத்தில் பார்த்தால் ஊற்றுகிற பாலே நஷ்டமாகாது. கறக்கும் கையைக் கழுவுவது, கறந்ததும் காம்பை மருந்தில் நனைப்பது, கறந்தவுடன் தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டைப் படுக்க விடாமல் வைப்பது என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த முறை ஊசியே தேவைப்படாமல் போகலாம், அதற்கு யாரும் உங்களுக்கு ஃபீஸ் தர மாட்டார்கள், சொல்லுங்கள்.

"அப்போ இந்தப் பாலைக் கன்னுக்குட்டிக்குக் குடுக்கலாமா?" வேண்டாம். கன்றின் குடலில்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். இதே காரணத்துக்காக 2019இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குப் போடவே தடை செய்தார்கள், அது மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கை கொடுக்கிற மருந்து.

பால் இறங்க ஊசி. ஆக்சிடோசினைத் தினமும் கறவை நேரத்தில் போடுவது இன்னமும் நடக்கிறது. நஞ்சுக்கொடிக்கும் ரத்தப்போக்குக்கும் நீங்கள் ஒருமுறை போடுவது மருத்துவம். மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பாலைக் கூட்ட எந்த ஊசி போட்டாலும் 1960 சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி 2 வருடம் வரை சிறை, மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளும். பாட்டிலாக எழுதித் தரச் சொன்னால் எழுதித் தராதீர்கள். கன்றைச் சாகவிட்டதால்தான் பல வீடுகளில் மாடு பால் இறக்காமல் நிற்கிறது, காளைக்கன்று என்று பட்டினி போட்டிருப்பார்கள். அதைக் கேளுங்கள், பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்பு இருந்தும் நடக்கும் கெடுதல்

1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது, அதிலிருந்து வளர்ந்தவைதான் ஐந்து சுதந்திரங்கள்: பசி தாகம் இல்லாமை, இட அசௌகரியம் இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, இயல்புப்படி வாழ இடம், பயம் இல்லாமை. நான்காவதில்தான் நம் வீடுகள் தோற்கின்றன. புதுச்சேரியின் புழுக்கத்தில் ஹஸ்கி, மூச்சு விடவே போராடும் பக், காலை முதல் ராத்திரி வரை சங்கிலியில் ஒரு ராஜபாளையம். நாயை எந்நேரமும் கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பதும் அதே 1960 சட்டத்தில் குற்றம் என்று சொன்னால் நிறைய பேர் ஆச்சரியப்படுகிறார்கள்.

மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30ஆம் தேதி காலை நடைப்பயிற்சியில் விழுந்து இறந்தபோது ஊரே தெருவில் நின்று அழுதது. அந்த அன்பு உண்மையானது. யானை கூட்டமாக வாழும் இனம் என்பதும், அவளுக்குக் கூட இன்னொரு யானை இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பேசத் தெரிய வேண்டும் நமக்கு, அழுதவர்களைப் புண்படுத்தாமல்.

மாட்டுப் பொங்கல் அன்று அன்பு மிகுதியில் வாளி வாளியாகப் பொங்கலை வைப்பார்கள், மறுநாள் வயிறு புளித்து மாடு விழும், சில மாடுகள் பிழைக்காது. அதனால் தை பிறக்கும் முன்பே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள்: ஒரு கைப்பிடி பிரசாதம் போதும், கொம்புக்கு இனாமல் பெயின்ட் வேண்டாம்.

காதை வெட்டி நிமிர்த்தச் சொல்வார்கள், வாலை நறுக்கச் சொல்வார்கள். அழகுக்காக எதையும் வெட்டுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டோடு கொண்டுவந்தால் வைத்தியம் பாருங்கள், பார்த்த பிறகு அதை வீட்டில் வைத்திருப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொல்லுங்கள். முதலிலேயே மிரட்டினால் அடுத்த முறை அந்தக் கிளி வைத்தியம் இல்லாமல் சாகும். தேவனாம்பட்டினம் கரையில் வலையில் அடிபட்ட ஆமை என்று யாராவது போன் செய்தால் கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம், நிழலில் ஈரத்துணி போட்டு வைக்கச் சொல்லிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடித்த காயம் என்று தெரிந்தால்

வெட்டுக்காயம், கொதிநீர், ஆசிட், ஒரே நாய்க்குத் திரும்பத் திரும்ப எலும்பு முறிவு. கதை காயத்தோடு ஒத்துப்போகாது. சிகிச்சையை முடியுங்கள், அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள், தேதி, நேரம், சொல்லப்பட்ட கதை எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 1960 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான், கேட்கவே வயிறு எரியும். ஆனால் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை உண்டு, 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. போலீஸ் வழக்கு நிற்பதும் விழுவதும் உங்கள் அறிக்கையில்தான், அதனால் "காயம் இருந்தது" என்று எழுதாமல் எங்கே, எவ்வளவு நீளம், எத்தனை நாள் பழசு, எப்படிப்பட்ட பொருளால் என்று எழுதுங்கள். யார் செய்தார்கள் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

படிக்காமல் ஊசி போடுகிறவர் பார்த்துக் கெடுத்த மாடு வந்தால், மாட்டுக்காரர் முன்னால் அவரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். என்ன ஊசி, எத்தனை மில்லி, எப்போது என்று அவரிடமே போன் போட்டுக் கேளுங்கள், மாட்டைக் காப்பாற்றுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம் என்று 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சொல்கிறது, புகாரை அதற்கான இடத்தில் எழுத்தில் கொடுங்கள்.

மழைக்கு முன்னால்

ஐப்பசி பிறந்ததும் ஒரு வேலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கட்டுத்தறியில் கயிற்றோடு விடப்படும் மாடு தண்ணீர் ஏறினால் மூழ்கிச் சாவது நிச்சயம், அவிழ்த்துவிட்டால் நீந்திப் பிழைக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு ஓட்டுங்கள், முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். கோமாரித் தடுப்பூசி, காது வில்லை எல்லாம் மழைக்கு முன்னாடியே முடிந்திருக்கட்டும். உங்கள் கிளினிக்கில் மயக்க மருந்தான கீட்டமினுக்கான பதிவேடும் வலி மருந்தான டிரமடாலுக்கான பதிவேடும் தரையோடு இருக்கும் அலமாரியில் இருந்தால் மேல் தட்டுக்கு மாற்றுங்கள், கூடவே மெலாக்சிகமும் லிக்னோகெயினும் ஒரு மாதத்துக்கு வரும் அளவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த வாரத்தில் தகரம் கிழித்த காயங்களோடு மாடுகள் வரிசையாக வரும், அப்போது மொத்த விற்பனைக் கடை திறந்திருக்காது.